ஆள் நிற்கும்

கூட்டுச் சேருவதற்கு முன்னால் அந்த ஆளைப் பற்றி யாரிடம் விசாரித்தீர்கள்?

கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்கிறீர்கள். கம்பெனி எந்த வருஷம் ஆரம்பித்தது, யார் யார் பேரில் இருக்கிறது, கேஸ் ஏதாவது உண்டா, எல்லாம் வந்துவிடும் என்கிறீர்கள். வரும். வராமல் என்ன. காலையில் எழுந்ததும் அவன் முதலில் யாரைத் திட்டுகிறான் என்று அதில் வருமா?

தப்பாக நினைக்காதீர்கள். ராய்ப்பூருக்கு முன்னால் துர்க்கில் இறங்கி ஒருத்தரோடு சேர்ந்து பம்ப்செட் ஏஜென்சி எடுக்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதால் கேட்டேன். பதினெட்டு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அந்தப் பேச்சை எடுத்தால் வாய் சும்மா இருக்காது.

திருச்செங்கோடு. பேர் அர்த்தநாரி. எங்கள் ஊர் போர்வெல் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் துளை போடுகிற மெஷின், பின்னாலேயே இன்னொரு லாரியில் கம்ப்ரசர். ரிக் என்போம். இந்த நாட்டில் எந்த மூலையில் தண்ணீருக்குப் பூமியைத் துளைத்தாலும் அங்கே எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் கல்தூளைத் தின்றுகொண்டு நிற்பான். தனி ஆளாக யாரும் ரிக் வாங்குவதில்லை. இரண்டு பேர் சேர்வார்கள். ஒரு மாதம் இவன் வண்டியோடு போனால் அவன் ஊரில் இருப்பான். அடுத்த மாதம் அவன். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நம் வண்டியோடு இருக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியுமா? அங்கேதான் நான் வருவேன்.

இன்னாரோடு சேரலாம் என்று இருக்கிறேன், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்பார்கள். துளை போடுகிற பிட்டுக்குச் சாணை பிடிக்கிற கடைக்குப் போவேன். டயர் கடைக்குப் போவேன். மெஸ்ஸில் போய் அவன் எந்த நேரத்துக்குச் சாப்பிட வருகிறான், குழம்பில் உப்பில்லை என்றால் என்ன செய்கிறான் என்று கேட்பேன். மல்லசமுத்திரத்து ஆள் ஒருவன், பார்க்க அவ்வளவு லட்சணம், பேச்சும் அப்படி. விசாரித்தால் ஒரு மாதத்தில் மூன்று மெஸ் மாறியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று மெஸ்ஸோடு ஒத்துப்போக முடியாதவன் கூட்டாளியோடு மூன்று வருஷம் இருப்பானா? சிரிக்கிறீர்கள். அதே ஆள் வேறொருத்தனோடு சேர்ந்து, ஆறே மாதத்தில் இரண்டு பேரும் நடுரோட்டில் கல்லெடுத்து அடித்துக்கொண்டார்கள். ஒருத்தனுக்கு ஒரு கண் போய்விட்டது.

எனக்கு ஒரு பேர் உண்டு. அர்த்தநாரி விசாரித்துச் சொன்னால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அந்தப் பேர்தான் என் பிழைப்பு. அது நாளைக்குப் பதினோரு மணிக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

கோர்ட்டு. ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். சாட்சி.

அதோ, கதவுப் பக்கம் ஜன்னலோரமாக, பச்சை நூல்சேலை. என் தங்கச்சி. தெய்வானை. அவளும் சாட்சிதான். ஒரே வண்டி, ஒரே பெட்டி, டிக்கெட் மட்டும் அவள் தனியாக எடுத்துக்கொண்டாள். ஈரோட்டில் ஏறியதிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது வாரங்கலே தாண்டிவிட்டது. இந்தப் பயணத்தில் மட்டுமில்லை, பதினாலு மாதமாகவே பேச்சு இல்லை. காலையில் இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கினாள். என் கண் முன்னாலேயே பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் நல்லசிவம். மாப்பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைப் போல ஒருவரை நான் விசாரித்ததே இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கடையில் வேலை செய்கிறவனை ‘வாங்க, போங்க’ என்பார். கரண்ட் அடித்தால்கூடக் கெட்ட வார்த்தை வராது. அப்படிப்பட்டவருக்கு ரிக் ஆசை வந்தது. செம்மலை என்று ஒருத்தன், சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறான், இரண்டாவது வண்டிக்குக் கூட்டாளி தேடுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“மச்சான், நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொன்னாப் போதுமுங்க” என்றார்.

தங்கச்சிக்கு இஷ்டமில்லை. “அண்ணா, இவருக்கு ஆளை அதட்டத் தெரியாது. கூட இருக்கறவனாவது நல்லவனா இருக்கோணும். நீயே போய்ப் பாரு” என்றாள்.

போனேன். மற்றவர்களுக்கு ஐந்து நாள் விசாரித்தால் இவளுக்காக எட்டு நாள் விசாரித்தேன். செம்மலையைப் பற்றி ஒருத்தர் ஒரு குறை சொல்லவில்லை. குடி கிடையாது. சொன்ன நேரத்துக்கு வருவான். மெஸ்ஸில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்து போவான். வருஷா வருஷம் பழனிக்கு நடந்தே போகிறவன். இது போதும் என்று இன்னொருத்தன் திரும்பியிருப்பான். நான் இதே ரயிலில் ஏறி அவன் வண்டி நிற்கிற இடத்துக்கே போனேன். பிட் கம்பெனி ஆள், எங்கள் பிட் கல்லில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். எங்கள் தொழிலில் வேறு யாரும் இவ்வளவு தூரம் போய் விசாரித்ததில்லை. அதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ரிக்கில் முதலில் என்ன பார்க்க வேண்டும் தெரியுமா? மெஷினை இல்லை. ஆட்களை. ஆள் நிற்கிறதா என்று. குழிக்குள் இறக்குகிற இரும்பு ராட் தூக்குவதற்கு அந்தப் பக்கத்து ஆட்களைத்தான் சேர்ப்போம். முன்பணம் வாங்கிக்கொண்டு வருவான், இருபதாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் படுத்த இடம் காலியாக இருக்கும். இரண்டு பேர் ஓடிவிட்டால் வண்டி நின்றுவிடும். கோடையில் வண்டி நின்றால் அந்த வருஷமே போயிற்று. அதனால் என்னிடம் வருகிறவர்கள் கடைசியில் கேட்கிற கேள்வி அதுதான். ‘அவன்கிட்ட ஆளு நிக்குமாங்க?’

செம்மலையிடம் ஏழு பேர். மூன்று வருஷமாக அதே ஏழு பேர். ஒருத்தன் ஓடியதில்லை. நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏழு பேரும் வரிசையாக வந்து செருப்பைக் கழற்றி ஒரு டூல் பெட்டிக்குள் வைத்தார்கள். டிரைவர் எண்ணிப் பார்த்துப் பூட்டினான். சாவி செம்மலை இடுப்பில். சுற்றிலும் முள்காடு. வெறுங்காலோடு ஒரு மைல்கூடப் போக முடியாது.

செம்மலை என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஆதார் கார்டை வாங்கி வெச்சா போலீஸ்காரன் கேப்பானுங்கண்ணா. செருப்பை வாங்கி வெச்சா எவன் கேப்பான்?”

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, மூளை உள்ள பேச்சு. ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் சொன்னேன். இப்போது எங்கள் பக்கத்து வண்டிகள் நிறைய அதைத்தான் செய்கின்றன என்று கேள்வி.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சங்கதி நடந்தது. அந்த ஏழு பேரில் புத்ராம் என்று ஒருத்தன். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல உடம்பு. அவன் தம்பி மங்ளூவும் அதே வண்டியில் இருந்தான். புத்ராம் பூட்டுச் சரியாகப் போடாததால் இருபதடி ராட் ஒன்று கழன்று குழிக்குள் போய்விட்டது. அதை எடுக்க முடியாது, குழியும் வீண். செம்மலை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். திட்டவில்லை. குழந்தையை ரோடு தாண்டவைக்கிற மாதிரி புத்ராமின் மணிக்கட்டைப் பிடித்துக் கம்ப்ரசர் லாரிக்குக் கூட்டிப் போனான். உள்ளங்கையை விரித்து சைலன்சர் குழாய் மேல் வைத்து, மேலே தன் முழங்கையைக் கொடுத்து அழுத்தினான். இன்னொரு கையால் விரல் மடக்கி எண்ணினான். எட்டு. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். எட்டு முடிந்ததும் விட்டுவிட்டான். தோல் கொஞ்சம் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. ஆபரேட்டர் காளியண்ணன் நம் பக்கத்து ஆள், சாயங்காலம் அதை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தான்.

ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும் இல்லையா? செம்மலையே ஜீப்பிலிருந்து களிம்பு எடுத்துவந்து அவன் கையில் தடவினான். தன் தட்டில் இருந்த கறியை எடுத்து அவன் தட்டில் போட்டான். அந்தப் பையன் இடது கையால் சாப்பிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு நின்றான். நான் அதைப் பார்த்தேன். வேறு ரிக்காக இருந்தால் அன்றைக்கே ஏழு பேரும் போயிருப்பார்கள்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. யாரை விசாரித்தாலும் அதில் எழுதிவிடுவேன். அன்றைக்கு எழுதினேன். நேரம் தவறாதவர். குடி இல்லை. மெஷின் சுத்தம். ஆள் நிற்கும்.

கையைப் பற்றி எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்றால், நான் விசாரிக்கப் போனது தொழிலை. ஒருத்தன் வீட்டில் எப்படி இருக்கிறான், கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் உலகத்தில் யாரோடும் யாரும் கூட்டுச் சேர முடியாது. நான் ரிக்கில் சேர்ந்தபோது எனக்கு வயது பதினாறு. என் முதலாளி ஹோஸ் பைப்பால் அடிப்பார். சட்டையைத் தூக்கினால் இப்போதும் காட்டலாம், ரயிலில் வேண்டாம். அவரிடம் பதினோரு வருஷம் நின்றேன். அவர் அடிக்காமல் இருந்திருந்தால் நான் நின்றிருப்பேனா, சொல்லுங்கள். பிறகு நானே மேனேஜராகி எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன். யாரும் என்னைக் கெட்டவன் என்று சொன்னதில்லை.

ஊருக்கு வந்ததும் தங்கச்சி கேட்டாள். “நல்ல ஆளா அண்ணா?”

“நல்ல ஆளு கெட்ட ஆளுன்னு நான் யாருக்குமே சொல்றதில்ல அம்மிணி. ஆளு நிக்கும்” என்றேன்.

அவள்தான் அவரைக் கூட்டிப் போய்க் கையெழுத்துப் போட வைத்தாள். என் பேச்சை நம்பி.

முதல் மாதம் செம்மலை புது வண்டியோடு போனான். பழைய வண்டியிலிருந்து புத்ராமையும் அவன் தம்பியையும் இன்னும் நாலு பேரையும், ஆபரேட்டர் காளியண்ணனையும் டிரைவரையும் இதில் மாற்றிக்கொண்டான். இரண்டாம் மாதம் மாப்பிள்ளை முறை. அவர் போன அன்றைக்கே எனக்குப் போன்.

“மச்சான், இங்க ஆளுகளோட செருப்பைப் பெட்டியில போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க. தெரியுமுங்களா?”

“தெரியும் மாப்பிள்ளை. அது அவர் பழக்கம்.”

“நான் தொறந்து குடுத்துட்டேனுங்க.”

பிறகு கேட்டார். “புத்ராம்னு ஒரு பையன். வலது கையை முழுசா மூட முடியல. உள்ளங்கையில ரேகையே இல்லீங்க மச்சான். நீங்க வந்தப்ப நடந்ததுன்னு சொல்றான். பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுத்தான் எனக்குச் சொன்னீங்களா?”

“ஆள் நிக்குதா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“நிக்குதுங்க” என்றார். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவே இல்லை. அன்றைக்கே தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறார். தினமும் அவளுக்குப் போன் வரும். அந்தக் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி விரலை நீவி விடுகிறேன், இன்றைக்குக் கொஞ்சம் மூடுகிறது என்றெல்லாம் சொல்வாராம். முதலாளி வேலைக்காரனுக்கு விரல் நீவிவிடுவதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மூன்று வாரத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஓடவில்லை. மாப்பிள்ளையிடமே வந்து, ஊருக்குப் போகிறோம் என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வண்டி நின்றுவிட்டது. நான் சொன்னது சரியாகப் போயிற்றா இல்லையா? செருப்பைக் கொடுத்தால் ஆள் நிற்காது.

செம்மலை கிளம்பி வந்தான். வந்த அன்றைக்கு எல்லா ஆட்களுக்கும் முன்னால் மாப்பிள்ளையை அறைந்திருக்கிறான். மூக்கில் ரத்தம். காளியண்ணன் சொன்னான், “அண்ணா, நீங்க ஊருக்குப் போயிருங்க” என்று மாப்பிள்ளையிடம் கெஞ்சினானாம். “நான் போனா இவனுகளைக் கொன்னு போட்டுருவான் காளியண்ணா” என்று மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். செருப்பெல்லாம் மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

மறுநாள் விடிகாலையில் மங்ளூ வெறுங்காலோடு ஓடிவிட்டான். ஒன்பதரை மணிக்கு செம்மலை அவனை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தான். உள்ளங்காலெல்லாம் முள். ரிக்கின் பின்பக்க ஜாக்கியோடு சேர்த்துக் கையைக் கட்டினான். மெஷினை நிறுத்த விடவில்லை. வேலை நடக்கட்டும், எல்லாரும் வேலையைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கட்டும் என்றானாம். ராட் கழற்றுகிற ஸ்பேனர் இருக்கிறதே, முழங்கை நீளம், அதை எடுத்து மங்ளூவின் முழங்காலில் அடித்தான். ஒரு கால் முடிந்து இன்னொரு கால். பிறகு ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு ஜீப்புக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

நீங்கள் ரிக் ஓடும்போது பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வருகிற வரைக்கும் குழியிலிருந்து வெறும் கல்தூள்தான் மேலே வரும். மேகம் மாதிரி. பத்து நிமிஷம் நின்றால் தலை, புருவம், சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. முதலாளி யார், கூலி யார் என்று தெரியாது. நானே ஒரு தடவை என் முதலாளி முதுகில் தட்டி ‘டேய், பீடி குடுடா’ என்று கேட்டு உதை வாங்கியிருக்கிறேன்.

செம்மலை அந்தப் பக்கம் போனதும் மாப்பிள்ளை ஓடிவந்திருக்கிறார். மங்ளூவின் முன்னால் குனிந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதே சமயம் புத்ராம் கம்ப்ரசர் லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தான். தூளுக்குள் ஒரு வெள்ளை முதுகு தம்பி மேல் குனிந்திருக்கிறது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

மூன்று அடி. முதல் அடி பிடரியில். மாப்பிள்ளை முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது அடி காதுக்கு மேலே. அதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மூன்றாவது விழுந்து கிடந்தவர் வாயில். பல்லெல்லாம் தொண்டைக்குள் போய்விட்டது. வலது கை முழுசாக மூடாது இல்லையா, அதனால் இரண்டு கையாலும் பிடித்து அடித்திருக்கிறான்.

காளியண்ணன் மெஷினை நிறுத்தினான். தூள் இறங்கியது. புத்ராம் தன் சட்டையைக் கழற்றி அந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தானாம். பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் படுத்துக்கொண்டானாம். போலீஸ் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஜெயிலில் இருக்கிறான். கூலித் தகராறில் அண்ணனும் தம்பியும் திட்டம் போட்டு முதலாளியைக் கொன்றுவிட்டார்கள், தடுக்கப் போனவர்கள் அடித்ததில் தம்பிக்குக் கால் உடைந்தது என்று செம்மலை எழுதிக் கொடுத்திருக்கிறான். டிரைவர் ஆமாம் என்கிறான். காளியண்ணன் மட்டும் இல்லை என்கிறான். ஆனால் காளியண்ணனை அதற்கு இரண்டு மாதம் முன்னால் செம்மலை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தான், அந்தப் பகை என்று சொல்லிவிடலாம். புத்ராமுக்கு சர்க்கார் வைத்துக்கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். அவள் எப்படியோ தங்கச்சியைப் பிடித்துவிட்டாள். காளியண்ணன் நடுவில் நின்று இந்தியை மாற்றிச் சொல்ல, இரண்டு பேரும் மணிக்கணக்கில் போனில் பேசியிருக்கிறார்கள். செம்மலை ஆட்களை என்ன செய்வான் என்று பார்த்த வெளியாள் ஒருத்தன் சொன்னால் கேஸே வேறு மாதிரி ஆகும் என்றாளாம் அந்தப் பெண். பார்த்த வெளியாள் யார்? நான்.

கட்டின புருஷனைக் கொன்றவனுக்காக ஒருத்தி சாட்சி தேடுவாளா? சொந்தக்காரர்கள் எல்லாம் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அதற்கும் முன்னாலேயே, கருமாதி அன்றைக்கு, பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே என் முன்னால் வந்து நின்றாள்.

“நீ பாத்தியா இல்லையா? எல்லாருக்கும் முன்னால சொல்லு. அந்தக் கையை வேக வெச்சதை நீ நின்னு பாத்தியா இல்லையா?”

சரி, அதை விடுங்கள்.

போன வாரம் செம்மலை என் வீட்டுக்கு வந்திருந்தான். பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துத்தான் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். “அண்ணா, நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கோ அதைக் கோர்ட்டுல படிச்சாப் போதும்” என்றான். யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான். அன்றைக்கே, பார்த்த இடத்திலேயே எழுதியது. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதில்லை. இதோ, பையில்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்பது புரிகிறது. கையைப் பற்றிக் கேட்டால்? கேட்டால் சொல்லவேண்டியதுதான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று வரும். எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது நாளைக்கு அங்கே இருப்பார்கள். சொந்தத் தங்கச்சிக்கே மறைத்தவன் நமக்கு என்ன சொல்லியிருப்பான் என்று ஒருத்தன் நினைத்தால் போதும். பதினெட்டு வருஷமும் போயிற்று. சொல்லாவிட்டால் அந்தப் புத்ராம் ஆயுசுக்கும் உள்ளே கிடப்பான். எப்படியும் கொன்றது அவன் கைதானே.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். தங்கச்சி அந்த வக்கீல் பெண்ணிடம் என்னைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறாள்? மாப்பிள்ளை போனில் பேசியதைச் சொல்லியிருக்கிறாளா? அது தெரிந்தால் நான் தயாராகப் போவேன். அதனால் உங்களிடம் ஒரு உதவி.

நீங்கள் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் குழந்தையும் இறங்கிவிட்டது, காலியாகத்தான் இருக்கிறது. நேராகக் கேட்காதீர்கள். அது விசாரிக்கிற முறையே இல்லை. எதுவரை போகிறீர்கள் என்று ஆரம்பியுங்கள். எனக்கும் கோர்ட்டு வேலைதான், நிலத் தகராறு, அண்ணனே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறார் என்று சொல்லுங்கள். மனுஷனுக்குத் தன்னைப் போல இன்னொருத்தன் கஷ்டப்படுகிறான் என்று தெரிந்தால் வாய் தானாகத் திறக்கும். பத்து நிமிஷம் போதும். நான் இங்கிருந்து பார்க்க மாட்டேன்.

இடது பக்கமாக உட்காருங்கள். வலது காது கேட்காது.

இல்லை, பிறவியில் இல்லை. அந்தக் கருமாதி அன்றைக்குத்தான். பந்தலில் ஐம்பது பேருக்கு முன்னால் அண்ணனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஒரே ஒரு அறை. எனக்கும் கை உறுதி, பழைய ரிக் கை. காதிலிருந்து ரத்தம் வந்தது. கோயம்புத்தூருக்கு நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன், வரவில்லை. ஜவ்வு கிழிந்துவிட்டதாம். கூடப் பிறந்தவளை அடிக்க எனக்கு உரிமை இல்லையா? சரி, நீங்கள் போங்கள். டீக்காரன் வந்தால் அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நான் வாங்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

*

வாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என்ன ஆயிற்று? டீ குடித்தாளா?

நீங்கள் போய் உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டாளா? ‘எங்க அண்ணன் விசாரிக்க அனுப்புனாருங்களா’ என்றாளா. சரி. அவள் என் தங்கச்சி இல்லையா. கோபமாகச் சொன்னாளா? சிரித்துக்கொண்டா?

அப்புறம்?

மாப்பிள்ளை போனில் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டாளா. தேதி போட்டா. எதிர்பார்த்ததுதான். அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். செத்தவர் பேச்சு, யார் கேட்டார்கள். என்னைப் பற்றி? நான் அறைந்ததைச் சொல்லவில்லையா? வக்கீல் கேட்டும் சொல்லவில்லையா? கீழே விழுந்து காது போயிற்று என்றா சொல்லியிருக்கிறாள்?

அப்படியா சொன்னாள்.

இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வேறு ஏதோ சொல்ல வருகிறீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. எனக்கு என்று சொல்லி அனுப்பினாளா? பதினாலு மாதம் கழித்து. என்ன சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

வக்கீல் பெண் நாளைக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறாளா. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டாளாம். ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டாளாம். அதெல்லாம் வேண்டாம் என்று தங்கச்சியே சொல்லிவிட்டாளாம். அந்தப் பையன் கையைக் குழாயில் வைத்து அழுத்தியபோது அவன் கத்தினானா என்று மட்டும். ஆமாம் அல்லது இல்லை.

இது என்ன கேள்வி. இதில் என்ன வந்துவிடும்?

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய்யில்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும், பக்கத்திலேயே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது காதுக்குள் வெடி வைத்தாலும் தெரியாது. அவன் கத்தினான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெண் விடமாட்டாள், அப்படியென்றால் என்ன பார்த்தாய் என்பாள்.

வாய் திறந்திருந்தது. அதைப் பார்த்தேன். செம்மலை எண்ணி முடிக்கிற வரைக்கும் மூடவே இல்லை. கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி எழுந்திருந்தது. அவன் செம்மலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் திறந்துகொண்டிருந்தான். உள்நாக்கு வரைக்கும் தெரிந்தது, பத்தடி தூரத்திலிருந்து.